நாள்வழியும் ஐந்தொகையும்

அன்புள்ள ஐயா,

எனக்கு 47 வயது. சென்னையில் 24 வருடம் ஜாவாவில் மென்பொருள் எழுதும் வேலை. ஆள்குறைப்பில் வெளியே வந்து ஏழு மாதமாகத் தேவகோட்டையில் இருக்கிறேன். 60 இடங்களுக்கு மேல் அனுப்பியும் ஒரு நேர்காணலுக்கும் அழைப்பில்லை. தலைக்குச் சாயம் பூசி, பத்து வருட அனுபவத்தை மறைத்துவிடலாமா? புதிதாகச் சான்றிதழ் ஏதும் படிக்கட்டுமா? ரெஸ்யூமை இணைத்திருக்கிறேன்.

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

சாயம் உங்கள் விருப்பம். சான்றிதழைப் பிறகு பார்க்கலாம். மறைக்கலாமா என்று கேட்டதுதான் கோபம் தருகிறது. ரெஸ்யூமில் எதைச் சுருக்குவது என்பது உங்கள் உரிமை. ஆனால் நிறுவனத்தின் படிவம் முழு விவரம் கேட்டால் ஒரு வேலையைக்கூட விடாதீர்கள். பி.எஃப். கணக்குக்கு ஆளுக்கொன்றாகத் தரும் யுஏஎன் எண்ணை வைத்துப் பழைய வேலைகளைச் சரிபார்க்கிறார்கள். விட்டது தெரிந்தால், கைக்கு வந்த வேலையும் போகும்.

உங்களை ஒதுக்குவது அநீதி, சந்தேகமே இல்லை. அமெரிக்காவில் 40 வயதைத் தொட்டவர்களைக் காக்க 1967-லேயே சட்டம் வந்தது. நம் அரசமைப்பின் 16-ஆம் பிரிவு மதம், இனம், சாதி, பால், பிறப்பிடம் என்று அடுக்குகிறது. வயது அதில் இல்லை. அதுவும் அரசு வேலைக்குத்தான். இங்கே வயதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. வேலைவாய்ப்புத் தளத்தில் ஆள் தேடுகிறவர் ‘அனுபவம் 6–10 வருடம்’ என்று சல்லடை போட்டால் போதும், உங்கள் பெயர் யார் கண்ணுக்கும் வராது.

அந்தச் சல்லடையைத் தாண்டினாலும், இந்த ரெஸ்யூம் உங்களைக் கவிழ்த்துவிடும். பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிக்க, அதாவது வட்டித்தொழில் செய்ய, போன நம்மூர்க்காரர்கள் அன்றாட வரவுசெலவை நாள்வழியில் எழுதினார்கள், ஆள்வாரியாகப் பேரேட்டில் பெயர்த்தார்கள், கடைசியில் மொத்த நிலையைக் காட்டும் ஐந்தொகை போட்டார்கள். ஊரிலிருந்த முதலாளி முதலில் தேடியது ஐந்தொகையை. நீங்கள் ஏழு பக்கத்துக்கு நாள்வழி அனுப்பியிருக்கிறீர்கள்!

முதல் வரியிலேயே ஸ்ட்ரட்ஸ் 1 என்ற பழைய ஜாவா கட்டமைப்பு. அதற்கு 2013-லேயே ஆதரவு நின்றுவிட்டது. ஜாவா 21 தெரியும் என்பது ஆறாம் பக்கத்தில் கிடக்கிறது. மின்னஞ்சல் முகவரியில் பிறந்த வருடம். அதையும் புகைப்படம், தந்தை பெயர், பிறந்த தேதியையும் எடுங்கள். இரண்டு பக்கம் போதும். கடைசி 12 வருடம் விரிவாக, முந்தியது இரண்டே வரி. அட்டவணையும் இரட்டைப் பத்தியும் வேண்டாம். வாசிக்கிற மென்பொருள் வரிகளைக் கலந்துவிடும்.

‘சம்பளப் பட்டியல் மென்பொருளைப் பராமரித்தேன்’ என்று எழுதியிருக்கிறீர்கள். இது நாள்வழி. என்ன உடைந்தது, ஏன் உடைந்தது, நீங்கள் கை வைத்தபின் என்ன மிஞ்சியது? ‘மாதக் கடைசி ஓட்டம் 6 மணி நேரம் பிடித்தது. ஒவ்வொரு ஊழியருக்கும் தனித்தனியாகத் தரவுத்தளத்தைக் கேட்டதுதான் காரணம். மொத்தமாகக் கேட்க வைத்து 40 நிமிடத்துக்குக் கொண்டுவந்தேன்.’ இது ஐந்தொகை. உதாரணத்துக்குச் சொன்னேன், எண்கள் உங்களுடையவையாக இருக்க வேண்டும். 24 வருடத்தில் இப்படி ஐந்துகூடவா இல்லை? இருக்கும். அந்த வட்டிக்கடைகளில் கடைநிலைப் பெட்டியடிப் பையனாகப் போய், கடையை நடத்தும் மேலாளானவரிடம், பெட்டியடியில் எத்தனை வருடம் உட்கார்ந்தீர் என்றா கேட்டார்கள்? முங்கிப்போன கடனை எப்படி மீட்டார் என்றுதான் கேட்டிருப்பார்கள். எந்தப் பிழை மார்ச் முடிவில் மட்டும் தலைகாட்டும் என்று மூன்று வருடக்காரருக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும். அதை எழுதாமல் தலைமயிரைப் பற்றிக் கவலைப்படுகிறீர்கள்.

எழுதியதும் வலைத்தளங்களில் போடாதீர்கள். உங்களோடு வேலை பார்த்து இன்று பொறுப்பில் இருக்கும் பத்துப் பேரைத் தொலைபேசியில் கூப்பிட்டு, அவர்கள் நிறுவனத்தில் உங்களைப் பரிந்துரைக்கும் ரெஃபரல் கேளுங்கள். சல்லடைக்கு முன்னாலேயே ஒரு மனிதர் படிப்பார்.

முதலில் அந்த ஐந்து வரியை எழுதி எனக்கு அனுப்புங்கள். இரவு எந்நேரமானாலும் படிக்கிறேன். ஏழு பக்கம் வந்தால் திறக்க மாட்டேன்.