முக்கோணக் கட்டங்களின் முனை மழுங்குவது குறித்து

வணக்கம். ஒட்டுத்துணிப் போர்வைக்காக 3 அங்குல முக்கோணக் கட்டங்களை (இரண்டு முக்கோணத் துணிகள் சேர்ந்த சதுரங்களை) சேர்த்துத் தைக்கும்போது முனைகள் மழுங்குவதாகவும் ஓரங்கள் நெளிவதாகவும் எழுதியிருந்தீர்கள். துணியை முதலிலேயே முக்கோணமாக வெட்டிவிட்டுத் தைப்பதுதான் காரணம் என்று நினைக்கிறேன். மூலைவாட்டில் வெட்டிய ஓரம் கை பட்டாலே இழுபடும்.

அதற்குப் பதிலாக, 4 அங்குலச் சதுரங்கள் இரண்டை, நல்ல பக்கங்கள் உள்ளே இருக்குமாறு ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, மூலைக்கு மூலை பென்சிலால் கோடு போட்டு, அதன் இருபுறமும் கால் அங்குலத்துக்கு ஒரு நூலிழை குறைவாகத் தைத்த பிறகே கோட்டின்மேல் வெட்டுங்கள். ஒரே தடவையில் இரண்டு கட்டங்கள் கிடைத்துவிடும். கணக்குப்படி 3⅞ அங்குலமே போதும், ஆனால் அந்த அரைக்கால் அங்குல மிச்சம்தான் பிறகு கைகொடுக்கும். கட்டத்தை விரித்து, இஸ்திரிப் பெட்டியை இழுத்துத் தேய்க்காமல், மேலிருந்து அழுத்தி அழுத்தி எடுங்கள் (நீராவி வேண்டவே வேண்டாம்). பின்னர் அளவுகோலின் 45 பாகைக் கோட்டைத் தையலின்மேல் பொருத்தி, நான்கு பக்கமும் நறுக்கி 3½ அங்குலமாக்குங்கள் (இணைக்கும்போது ஒவ்வொரு பக்கமும் கால் அங்குலம் தையலுக்குள் போய் 3 அங்குலம் நிற்கும்).

கட்டங்களை இணைக்கையில், பின்பக்கத்தில் தையல்கள் குறுக்கிடும் புள்ளியிலிருந்து துணி ஓரத்தின் பக்கமாக ஒரு நூலிழை தள்ளி ஊசி இறங்கினால் முனை வெட்டுப்படாது.