ஏலத்தில் பழைய தோட்டா: சிங்கப்பூரில் இருப்பவர் எதை வாங்கலாம், எதைத் தொடக்கூடாது?

கேள்வி: பிரிட்டிஷ் ஏல நிறுவனம் ஒன்றின் இணையப் பட்டியலில் ‘ஸ்னைடர் முதல் .303 வரை, செயலிழக்கச் செய்த 40 தோட்டாக்கள்’ என்று ஒரு லாட், அதாவது சேர்த்து ஏலம் விடும் தொகுதி, வந்திருக்கிறது. ஸ்னைடரும் .303-உம் பழைய பிரிட்டிஷ் படைத் துப்பாக்கி வகைகளாம். மதிப்பீடு 80 முதல் 120 பவுண்டு. ஈசூனில் உள்ள வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டு முகவரிக்கு இதை வரவழைக்க முடியுமா? நாணயமும் தபால்தலையும் சேர்த்த பழக்கம் உண்டு, இது புதிது. இன்னொன்று: கடற்படைத் தளத்தில் வேலை பார்த்த தாத்தாவின் கருவிப் பெட்டியில் ஒரு பழைய தோட்டா கிடக்கிறது. அடியில் கே எஃப், 41, அதோடு ஏழுக்கான ரோமன் எண். விலை போகுமா?

பதில்: இரண்டாவது கேள்விதான் அவசரம். பெட்டி இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும், தோட்டாவைத் தொடாதீர்கள். 999-ஐ அழைத்து, வீட்டில் பழைய துப்பாக்கித் தோட்டா ஒன்று கிடைத்திருக்கிறது என்று சொல்லுங்கள். அவர்கள் வந்து எடுத்துக்கொள்வார்கள். பையில் போட்டுக்கொண்டு பேருந்தில் காவல் நிலையத்துக்குப் போவது, உள்ளே வெடிமருந்து இருக்கிறதா என்று இடுக்கியால் குண்டைத் திருகிப் பார்ப்பது, குப்பைக் குழாயில் போட்டுக் கைகழுவுவது, மூன்றுமே தவறு.

நீங்கள் படித்த எழுத்துகளே கதையைச் சொல்லிவிடுகின்றன. கே எஃப் என்பது இந்தியாவில் புனேக்கு அருகே உள்ள கிர்க்கி தொழிற்சாலை. 41 என்றால் 1941. ரோமன் ஏழு, பிரிட்டிஷ் .303 தோட்டாவின் ஏழாம் மார்க், அதாவது ஏழாம் வடிவம். 1910-இல் வந்த, 174 கிரெய்ன் (சுமார் 11 கிராம்) எடையுள்ள கூர்முனைக் குண்டு. அடியில் பிரைமரை (ஊசி அடித்ததும் மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடியை) சுற்றி ஊதா வளையத்தின் சாயல் தெரிந்தால் அது சாதாரணக் குண்டு. பச்சை என்றால் கவசம் துளைப்பது, சிவப்பு என்றால் ஒளிக்கோடு விடுவது, நீலம் என்றால் தீ மூட்டுவது. மலாயாவுக்கு வந்த இந்தியப் படைகள் .303 துப்பாக்கி ஏந்தியவை, ஆகவே இது இங்கே கிடைப்பதில் வியப்பில்லை. போர்க்காலத்தில் மலைமலையாகச் செய்த சரக்கு என்பதால், சேகரிப்பவர்கள் நடுவே இதற்குப் பெரிய விலையும் இல்லை.

ஆபத்து உண்டா? உண்டு. .303-இல் பெரும்பாலும் கார்டைட் எனும் நூல் போன்ற மருந்து இருக்கும். வெயிலிலும் புழுக்கத்திலும் பல பத்தாண்டு கிடந்தால் அது மெல்லச் சிதைந்து அமில வாயு விடும். பித்தளைக் கூடு உள்ளிருந்தே அரிக்கும். கழுத்தில் பச்சைப் பூப்பும் மயிரிழை விரிசலும் தெரிந்தால் காரணம் இதுவாக இருக்கலாம். பிரைமரில் ஊசி பட்ட குழி இருந்தால் வெடித்து முடிந்தது என்று நம்பிவிடக் கூடாது. அடித்தும் வெடிக்காமல் போனதாக இருக்கலாம். கட்டை விரலைவிடப் பருமனான எதையும், 20 மில்லிமீட்டர் பீரங்கித் தோட்டா உட்பட, படம் எடுக்கக்கூட நெருங்க வேண்டாம். அவற்றின் மூக்கில் ஃபியூஸ், அதாவது வெடிக்கத் தூண்டும் அமைப்பு, இருக்கலாம். 2023 செப்டம்பரில் அப்பர் புக்கிட் தீமா சாலைக் கட்டுமானத் தளத்தில் கிடைத்த 100 கிலோ போர்க்கால வெடிகுண்டுக்காக ஆயிரக்கணக்கானோரை வெளியேற்ற வேண்டியிருந்தது. பழசானால் வீரியம் போய்விடும் என்ற நினைப்பு இங்கே செல்லாது.

இனி ஏலம். ‘செயலிழக்கச் செய்தது’ என்பது விற்பவரின் சொல், சிங்கப்பூர்ச் சட்டத்தின் சொல் அன்று. ஏலக்காரர் அதை மூன்று அர்த்தத்தில் பயன்படுத்துவார். கூட்டில் துளையிட்டு மருந்தைக் கொட்டி, பிரைமரையும் அடித்து முடித்தது ஒன்று. குண்டைக் கழற்றி மருந்தை எடுத்துவிட்டு, பிரைமரை உயிரோடு விட்டு, குண்டைத் திரும்பப் பொருத்தியது இன்னொன்று. சேகரிப்பவர்கள் கூட்டில் துளை விழுவதை விரும்பாததால் இது அதிகம். மூன்றாவது, விற்பவரின் பாட்டனார் ‘காலி’ என்று சொன்னதை அப்படியே அச்சடித்தது. படத்தைப் பார்த்து இவற்றைப் பிரிக்க முடியாது. 40 உருப்படி கொண்ட கலவை லாட்டில் ஒன்று தவறினாலும் விழும் அடி உங்கள் மீது.

அந்த அடி சிறியதும் அன்று. ஆயுதக் குற்றங்கள் சட்டத்தின் கீழ், உரிமமின்றித் தோட்டா வைத்திருந்தால் 5 முதல் 10 ஆண்டு வரை சிறை, குறைந்தது 6 பிரம்படி. இறக்குமதிக்கும் உரிமத்துக்கும் 2021-இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறிய துப்பாக்கிகள், வெடிபொருள்கள், ஆயுதங்கள் கட்டுப்பாட்டுச் சட்டம் தனியே இருக்கிறது. காலிக் கூடு என்றால் பரவாயில்லை என்று நீங்களாக முடிவு கட்ட வேண்டாம். தேசிய சேவை செய்தவர்களுக்குத் தெரியும், சுடுதளத்திலிருந்து கிளம்புமுன் தோட்டாவோ காலிக் கூடோ கையில் இல்லை என்று வாய்விட்டு உறுதி சொல்ல வேண்டும். துப்பாக்கி வடிவ சிகரெட் லைட்டரையே உள்ளே விடாத ஊர் இது.

ஆகவே அந்த லாட்டுக்கு ஏலம் கேட்காதீர்கள். இதை வாங்கும் ஆசை விடவே இல்லை என்றால், காவல்துறையின் உரிம, ஒழுங்குமுறைப் பிரிவுக்கு லாட் எண், ஒவ்வொரு உருப்படியின் அடிப்பக்கத்தின் படம், எப்படிச் செயலிழக்கச் செய்தார்கள் என்ற விவரம் எல்லாவற்றையும் அனுப்பி, எழுத்தில் பதில் வாங்கிய பிறகே கேளுங்கள். சுத்தியல் விழுந்த பிறகு அனுமதி கேட்பது தலைகீழ் வேலை. வென்ற லாட்டை வேண்டாம் என்று சொல்ல முடியாது. இறக்க முடியாத சரக்குக்குப் பணம் கட்டுவதோடு கிடங்கு வாடகையும் ஏறும்.

அப்படியானால் இந்தப் பொழுதுபோக்கே நமக்கு இல்லையா? இருக்கிறது. தோட்டாவைச் சுற்றி இருந்த காகிதமும் தகரமும் தோட்டாவைவிடச் சுவாரசியமானவை என்பது எங்கள் கருத்து. காலி அட்டைப்பெட்டிகள், தகர டப்பாக்கள், கடை விலைப்பட்டியல்கள், விளம்பரத் தட்டிகள் ஆகியவற்றுக்குத் தனிச் சந்தையே உண்டு. தோட்டா லட்சக்கணக்கில் பிழைத்தது. அட்டைப்பெட்டியோ கிழித்துப் போடுவதற்கென்றே செய்தது. அதனால்தான் சாதாரணத் தோட்டாவின் பெட்டி, தோட்டாவைவிட அதிக விலைக்குப் போவதுண்டு. தபால்தலை சேர்த்தவர் என்பதால் காகிதம், அச்சு, கிழிசல் பற்றிய உங்கள் கண் இங்கே நேராக உதவும்.

காலம் கணிக்கப் பெயர்களே போதும். இலே பிரதர்ஸ் என்ற லண்டன் நிறுவனப் பெயர் மட்டும் இருந்தால் பெரும்பாலும் 1918-க்கு முந்தியது. அவ்வாண்டு அது கைனாக், நோபெல் முதலியவற்றோடு இணைந்தது. ஐசிஐ (இம்பீரியல் கெமிக்கல் இண்டஸ்ட்ரீஸ்) என்று இருந்தால் 1926-க்குப் பிந்தியது, அந்த நிறுவனம் பிறந்ததே அப்போதுதான். அமெரிக்கப் பெட்டியில் ரெமிங்டன் பெயரும் யுஎம்சி (யூனியன் மெட்டாலிக் கார்ட்ரிட்ஜ்) பெயரும் சேர்ந்திருந்தால் 1911-க்கு முன்னால் போகாது. நம்மூர்ச் சரக்கும் உண்டு: சார்ட்டர்ட் இண்டஸ்ட்ரீஸ் ஆஃப் சிங்கப்பூர் 1967-இல் 5.56 மில்லிமீட்டர் தோட்டா செய்வதற்காகத் தொடங்கியது. நமது நாணய ஆலையும் அந்த நிறுவனத்திலிருந்து கிளைத்ததுதான். நாணயம் சேர்ப்பவருக்கு இது பிடிக்கும். அந்தக் காலத்துத் துப்பாக்கிக் கடைகள் இங்கே என்ன விற்றன என்பதற்கு, தேசிய நூலக வாரியம் இணையத்தில் ஏற்றியிருக்கும் பழைய செய்தித்தாள்களில் விளம்பரங்களைத் தேடுங்கள். செலவில்லை.

வாங்கும்போது பெரிய பொறி, சீல் பிரிக்காத பெட்டி. விலை கூடுதலாக இருப்பதால் அதுதான் நல்லது என்று தோன்றும். ஆனால் பிரிக்கவில்லை என்றால் உள்ளே உயிருள்ள தோட்டா என்று பொருள். நூல் கட்டிய .303 காகிதப் பொதிக்கும் இதே கதை. தோட்டா வைக்கும் துணிப் பட்டி வாங்கினால் ஐந்து பைகளையும் விரித்துப் படம் கேளுங்கள். ஒவ்வொரு பையிலும் ஐந்து தோட்டா பிடிக்கும் எஃகுக் கிளிப் இரண்டு, ஆக ஐம்பது தோட்டா இருந்த இடம் அது. ஒன்று மடிப்பில் ஒளிந்திருக்க இடமுண்டு. கிளிப் வேண்டாம், வெறும் துணி போதும் என்று எழுதுங்கள். அட்டைப்பெட்டியின் மூலைகளில் மருந்துத் துகள் தங்கியிருக்கும், அதையும் தட்டித் துடைத்து அனுப்பச் சொல்லுங்கள். பட்டியலில் ‘ஏ எஃப்’ என்று இருந்தால் ‘உள்ள குறைகளோடு’ என்று அர்த்தம். பிறகு புகார் எடுபடாது.

போலி எப்படித் தெரியும்? 10 மடங்கு பெரிதாக்கும் கண்ணாடியில் லேபிளின் ஒரே நிறப் பகுதியைப் பாருங்கள். பழைய எழுத்தச்சு மையில் ஓரம் சற்று அழுந்தி, மை விளிம்பில் திரண்டிருக்கும். வண்ணப் புள்ளிகள் பூப்போல் கூடியிருந்தால் அது நகல். அடுத்து 365 நானோமீட்டர் புற ஊதா விளக்கு: இரண்டாம் உலகப் போருக்கு முந்திய காகிதம் மங்கலாகவே நிற்கும்; பளீரென்று நீலமாக ஒளிர்ந்தால் வெண்மையூட்டி சேர்த்த பிற்காலத் தாள். அசல் பெட்டியில் புது லேபிள் ஒட்டுவதும் நடக்கிறது, ஆகவே லேபிள் ஓரத்தில் பசையையும், மடிப்பில் தேய்மானம் லேபிளுக்கும் அட்டைக்கும் ஒத்துப்போகிறதா என்பதையும் பாருங்கள். (தோட்டாவிலும் இந்த வேலை உண்டு. 1866-ஐச் சேர்ந்த ஸ்னைடர் என்று சொல்லி, 24 கேஜ் (குழல் அளவு) பித்தளை வேட்டைத் தோட்டாக் கூட்டை வெட்டித் தள்ளுவார்கள். அசலில் மெல்லிய பித்தளைத் தகடு சுருட்டிக் காகிதம் சுற்றியிருக்கும். அதன் உடல் வார்ப்பாக வழவழப்பாக இராது.)

வீட்டில் வைப்பது இங்கே பெரிய வேலை, நம் காற்றில் ஈரப்பதம் 80 சதவீதத்துக்குப் பக்கம். கேமரா வைக்கும் உலர் பெட்டி ஒன்று வாங்கி 45 முதல் 50 சதவீதத்தில் நிறுத்துங்கள். அதற்கு மிகவும் கீழே போனால் அட்டை மடிப்பில் ஒடியும், 60-க்கு மேல் பூஞ்சை. தகர டப்பாவுக்கு நுண்படிக மெழுகு ஒரு மெல்லிய பூச்சு போதும். அமோனியா உள்ள பித்தளைப் பாலிஷ் எதற்கும் வேண்டாம்: பிரிட்டிஷ் இந்தியாவில் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்த தோட்டாக் கூடுகள் விரிசல் விட்டது, குதிரை மூத்திரத்தின் அமோனியாவால்தான். ‘பருவ வெடிப்பு’ என்று அதற்குப் பெயரே வந்துவிட்டது. ஓக் மரம், அமுக்கிய மரத்தூள் பலகை இரண்டிலும் அமில ஆவி கசியும், ஈயம் கலந்த எதுவும் வெண்பொடி பூக்கும். பழைய பெட்டியில் ஈயத் தூளும் இருக்கும், கையாண்டபின் சோப்பு போட்டுக் கைகழுவுங்கள், குழந்தைகள் கைக்கு விடாதீர்கள்.

கடைசியாகப் பணக் கணக்கு. சுத்தியல் விலை (ஏலம் முடிந்த விலை) 60 பவுண்டு, வாங்குவோர் கட்டணம் 25 சதவீதம் என்றால் 75. மூன்றாம் தரப்புப் பொதிக்கட்டுவோர் 35 கேட்டால் 110. சரக்கு, அனுப்பும் செலவு, காப்பீடு மூன்றும் சேர்ந்து 400 சிங்கப்பூர் வெள்ளியைத் தாண்டும்போது 9 சதவீதப் பொருள் சேவை வரி விழும். சுங்கத் தாளில் ‘பழம்பொருள்’ என்று எழுத விடாதீர்கள், பொதி நிற்கும். ‘காலி அட்டைப்பெட்டி, அச்சிட்டது, 3 எண்ணம், தோட்டாவோ பாகமோ இல்லை’ என்று எழுதச் சொல்லி, பெட்டிகளைத் திறந்து வைத்த ஒரு படத்தையும் பொதிக்குள் வைக்கச் சொல்லுங்கள்.