சம்பளச் சீட்டும் கிரவல் றோட்டும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: கிளிநொச்சியில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குப் பகுதியில் வேலை. நாலு வருடமும் எட்டு மாதமும் ஆகிறது. சம்பளச் சீட்டில் அடிப்படை 30,000 ரூபா, வாழ்க்கைச் செலவுப் படி 25,000 ரூபா என்று இருக்கிறது. சேமலாப நிதிக்கு 30,000க்கு மட்டும்தான் வெட்டுகிறார்கள். இது சரியா? வவுனியாவில் 67,000 ரூபா சம்பளத்தில் வேறு வேலை கிடைத்திருக்கிறது. உடனே விலகலாமா?
– வாசகர், பரந்தன்

பதில்: 30,000க்கு மட்டும் வெட்டுவது பிழை. ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் 1958 ஆம் ஆண்டு தொடக்கம் சொல்வது அடிப்படைச் சம்பளத்தை அல்ல, மொத்த உழைப்பை. வாழ்க்கைச் செலவுப் படி அதற்குள் அடங்கும். ஓவர்டைம் காசு அடங்காது. ஆகவே முழு 55,000க்கும் கணக்குப் பார்க்க வேண்டும். உங்கள் பங்கு 8 வீதம், 4,400 ரூபா. முதலாளி பங்கு 12 வீதம், 6,600 ரூபா. மாதம் 11,000 போக வேண்டிய இடத்தில் இப்போது 6,000தான் போகிறது. ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு முதலாளி தனியாகக் கட்டும் 3 வீதத்திலும் 750 ரூபா குறையும். 'கைக்குக் கூட வருகுதுதானே' என்று பலர் பேசாமல் இருந்துவிடுகிறார்கள். கைக்குக் கூட வருவது உங்களுடைய 2,000 மட்டும்தான். மற்ற 3,750 ரூபாவும் முதலாளியின் பையிலேயே நிற்கிறது.

படி என்று பிரித்து எழுதுவதன் நோக்கமே இதுதான். 2026 ஜனவரியில் இருந்து தேசிய ஆகக்குறைந்த மாதச் சம்பளம் 30,000 ரூபா. அடிப்படையை அதற்குக் கீழே இறக்க முடியாது, ஆகவே சரியாக அந்தக் கோட்டில் நிறுத்திவிட்டு மிச்சத்தைப் படியாக்குகிறார்கள்.

இனி விலகுவது. இங்கே அவசரப்படாதீர்கள். 1983 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டப்படி, ஐந்து வருடம் பூர்த்தியானால் ஒவ்வொரு வருடத்துக்கும் அரை மாதச் சம்பளம் கிடைக்க வேண்டும். நீங்களாக விலகினாலும் உரிமை போகாது. கடைசிச் சம்பளம் 55,000 என்றால் அரை மாதம் 27,500, ஐந்து வருடத்துக்கு 137,500 ரூபா. நாலு வருடமும் பதினொரு மாதமும் என்றால் ஒரு சதமும் இல்லை. ஒரு நிபந்தனை: விலகும் நாளுக்கு முந்திய 12 மாதத்தில் ஏதாவது ஒரு நாளாவது 15 பேர் அங்கே வேலை செய்திருக்க வேண்டும். அதைவிடச் சின்ன இடமாக இருந்தால் இந்தச் சட்டத்தைக் காட்டிக் கேட்க முடியாது.

வவுனியாவில் மாதம் 12,000 கூட. ஐந்து வருடம் முடிய இருக்கிற நாலு மாதத்துக்கு 48,000. பரந்தனில் இருந்து ஏ9 வழியே வவுனியா ஏறத்தாழ 80 கிலோமீற்றர். தினமும் போய்வர உடம்பு இடம் கொடுக்காது, அறை எடுக்க வேண்டிவரும். அறை வாடகை, கடைச் சாப்பாடு, கிழமைக்கொருக்கா வீட்டுக்கு வரும் பஸ் காசு என்று பார்த்தால் அந்த 12,000இல் என்ன மிஞ்சும் என்பதை நீங்களே எழுதிப் பாருங்கள். புதிய இடம் நாலு மாதம் பொறுக்குமா என்று முதலில் கேளுங்கள். பொறுக்காது, ஆனால் அங்கே பதவி உயர்வுக்கு வழி இருக்கிறது என்றால் மட்டும் பணிக்கொடையை விட்டுவிட்டுப் போவதில் நியாயம் உண்டு.

கடிதம் கொடுக்கும்போது ஒரு கண்ணி இருக்கிறது. ஐந்து வருடம் எண்ணப்படுவது கடிதம் கொடுத்த நாள் வரை அல்ல, வேலையின் கடைசி நாள் வரை. நியமனக் கடிதத்தில் ஒரு மாத முன்னறிவித்தல் என்றிருந்தால் நாலு வருடமும் பதினொரு மாதமும் முடிந்த பிறகு கடிதம் கொடுக்கலாம். ஆனால் முதலாளி 'அறிவித்தல் மாதம் தேவையில்லை, நாளையே போகலாம்' என்று அனுப்பிவிடவும் கூடும். ஐந்து வருடம் முழுதாக முடிந்து ஒரு கிழமை கழித்துக் கொடுப்பதே பாதுகாப்பு. தகுதிகாண் காலமும் சேவைக் காலத்தில் சேரும், ஆகவே முதல் நாளின் நியமனக் கடிதத்தைத் தொலைக்க வேண்டாம். பணிக்கொடையை விலகி 30 நாளுக்குள் தர வேண்டும்.

சேமலாப நிதிக் காசு எங்கும் போகாது. புதிய இடத்தில் புதிய அங்கத்துவ இலக்கம் வரும். தேசிய அடையாள அட்டை இலக்கம் இரண்டிலும் ஒன்றாகப் பதியப்பட்டிருக்கிறதா, பெயரின் எழுத்து ஒன்றா என்று இப்போதே பாருங்கள். 55 வயதில் (பெண்கள் 50) காசு எடுக்கப் போகும்போது இழுபடுவது பெரும்பாலும் இந்த எழுத்துப் பிழையால்தான். நம்பிக்கைப் பொறுப்பு நிதியை வேலை மாறும்போது எடுக்கலாம், ஆனால் ஐந்து வருடத்துக்கு ஒரு தடவைதான்.

குறைவாகக் கட்டியதைப் பற்றித் தொழில் அலுவலகத்தில் எழுத்தில் முறையிடலாம். நியமனக் கடிதம், கிடைக்கும் எல்லாச் சம்பளச் சீட்டுகள், சம்பளம் விழுந்த வங்கிப் புத்தகத்தின் பிரதி, அடையாள அட்டைப் பிரதி ஆகியவை வேண்டும். பிந்திக் கட்டும் காசுக்கு முதலாளி, பிந்திய காலத்தைப் பொறுத்து, 5 முதல் 50 வீதம் வரை மேலதிகமாகக் கட்ட வேண்டிவரும். சீட்டுகளை வேலையில் இருக்கும்போதே படம் எடுத்து வையுங்கள். விலகிய பிறகு அலுவலகக் கணினி உங்களுக்குத் திறக்காது.

கேள்வி: மோட்டர் சைக்கிள் லீசிங்கில் எடுக்க யோசனை. 4 இலட்சம் தருகிறார்கள், 36 மாதம், மாதம் 17,000. வட்டி 17.6 வீதம் என்கிறார்கள். பரவாயில்லையா?
– வாசகர், நெடுங்கேணி

பதில்: 17,000ஐ 36ஆல் பெருக்குங்கள்: 612,000. வட்டி மட்டும் 212,000. அதை மூன்று வருடத்துக்கும் 4 இலட்சத்துக்கும் பிரித்தால் 17.6 வரும், அவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் மூன்று வருடமும் 4 இலட்சம் உங்கள் கையில் இருக்காதே! மாதாமாதம் கடன் குறைகிறது, வட்டியோ குறையாத தொகைக்குப் போட்டபடி நிற்கிறது. குறைந்துவரும் மீதிக்குக் கணக்குப் பார்த்தால் இது மாதம் 2.5 வீதம், வருடம் 30 வீதம். வங்கியில் தனிநபர் கடனுக்குச் சொல்லும் வீதம் பெரும்பாலும் மீதிக்குரியது. இரண்டு இலக்கத்தையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் ஏமாறுவீர்கள். ஒப்பிட வேண்டியது மொத்தமாகக் கட்டும் தொகையை.

இன்னொன்று. ஒரு வருடம் ஒழுங்காகக் கட்டிவிட்டு, மிச்சத்தை ஒரேயடியாகக் கட்டி முடிப்போம் என்று போனால் அதிர்ச்சி காத்திருக்கும். 204,000 கட்டியிருப்பீர்கள், கடன் முதலில் இருந்து குறைந்திருப்பது ஏறத்தாழ 96,000 மட்டும். மீதி 304,000 இருக்கும், அதன் மேல் முன்கூட்டி முடிக்கும் கட்டணமும் வரலாம். கையெழுத்து வைக்கும் முன் மூன்று விடயத்தைத் தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள்: முன்கூட்டி முடித்தால் எவ்வளவு, ஒரு தவணை பிந்தினால் எவ்வளவு, காப்புறுதி தவணைக்குள்ளா வெளியிலா. வாயால் சொன்னது வாயோடு போய்விடும்.

கட்டி முடிந்ததும் வேலை முடியவில்லை. வாகனப் புத்தகத்தில் முழு உரிமையாளராக லீசிங் கம்பனியின் பெயர் இருக்கும். விடுவிப்புக் கடிதம் வாங்கி, மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் அந்தப் பெயரை நீக்காவிட்டால் நாளைக்கு விற்க முடியாது.

கேள்வி: முள்ளியவளையில் இருந்து தினமும் ஸ்கூட்டியில் வேலைக்குப் போகிறேன், பாதித் தூரம் கிரவல். ஒரு லீற்றருக்கு 45 கிலோமீற்றர் ஓடியது, இப்போது 35தான். கராச்சில் காபரேற்றரைக் கழற்ற வேண்டும் என்கிறார்கள்.
– வாசகி

பதில்: காபரேற்றரைக் கடைசியாகப் பாருங்கள். செலவில்லாததில் இருந்து தொடங்குவோம். காலையில், வண்டி ஓடுவதற்கு முன், டயர் காற்றைப் பாருங்கள். ஓடிச் சூடான டயரில் அளந்தால் கூடக் காட்டும். அடுத்து நடு ஸ்ராண்டில் நிறுத்திப் பின்சில்லைக் கையால் சுழற்றுங்கள். இழுத்துப் பிடித்தால், பிரேக் டிரம்முக்குள் கிரவல் தூசி இறுகியிருக்கிறது, அல்லது பிரேக் கேபிள் அளவுக்கு மீறி இறுக்கப்பட்டிருக்கிறது. பெற்றோல் அதற்கே போகும்.

இரண்டும் சரியென்றால் எயார் ஃபில்ட்டர். வன்னிச் செம்மண் தூசிக்கு வண்டியின் கையேட்டில் எழுதிய தூரம் பொருந்தாது, அதில் பாதித் தூரத்திலேயே மாற்ற வேண்டும். காற்றுப் போகாவிட்டால் பெற்றோல் கூடி எரியும், பிளக்கைக் கழற்றினால் முனை கரி பிடித்துக் கறுப்பாக இருக்கும். மண்ணிறமாக இருந்தால் ஃபில்ட்டரில் குற்றமில்லை. எண்ணெய் தடவிய கடதாசி ஃபில்ட்டரைக் காற்றடித்துத் துப்பரவாக்கக் கூடாது. பார்க்கப் புதிது போல் இருக்கும், ஆனால் தூசியைப் பிடிப்பதே அந்த எண்ணெய்தான். அதை மாற்றத்தான் வேண்டும். ஸ்பொஞ்ச் வகை என்றால் மண்ணெண்ணெயில் கழுவி, முறுக்காமல் பிழிந்து, காய்ந்த பின் சில துளி எண்ணெய் பிசைந்து போடலாம்.

அக்சிலேற்றரை முறுக்கும்போது இரைச்சல் கூடி வேகம் கூடாவிட்டால் பெல்ட்டோ கிளச்சோ. அது கராச் வேலைதான்.

ஒரு சொல் கூடுதலாக: காலபோகத்துக்கு வயல் விதைத்த பிறகு மாடுகளுக்கு நிற்க இடமில்லை, மழை இரவில் தண்ணீர் தேங்காத தார் றோட்டில் வந்து படுக்கும். ஓவர்டைம் முடிந்து இருட்டில் வருவதானால் மெதுவாக வாருங்கள். படுத்திருக்கும் மாடு தூரத்தில் தெரியாது.

கேள்வி: விடிய ஐந்தரைக்குக் கட்டும் சோறு பன்னிரண்டுக்குப் பழுதாகிவிடுகிறது. என்ன செய்யலாம்?
– வாசகி, மல்லாவி

பதில்: சுடச்சுட மூடுவதுதான் காரணம். ஆவி மூடியில் தண்ணீராகி மீண்டும் சோற்றில் விழுகிறது, சோறும் மணிக்கணக்கில் இளஞ்சூட்டிலேயே கிடக்கிறது. அகலத் தட்டில் பரப்பி, விசிறிக்குக் கீழே இருபது நிமிடம் ஆறவிட்டுக் கட்டுங்கள். பால்கறி, சொதி, பச்சைத் தேங்காய்ச் சம்பல் மூன்றும் வேண்டாம். புளி விட்ட வெந்தயக் குழம்பு, கருவாட்டுப் பிரட்டல், தண்ணீர் வற்ற வைத்த பருப்பு என்றால் தாக்குப்பிடிக்கும். கறியைச் சோற்றின் மேல் ஊற்றாமல் வேறு பெட்டியில் வையுங்கள். ஸ்கூட்டியில் போவதானால் பார்சலை சீற்றுக்கு அடியில் வைக்காதீர்கள். அதற்குக் கீழேதான் எஞ்சின்.