புதருக்குள் என்ன இருக்கிறது? – பட்டறைப் பதில்கள்

தரிசு நிலத்தைத் திருத்தும்போது டிராக்டருக்கும் கருவிகளுக்கும் வரும் சேதம் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, விருதுநகர் பக்கம் உழவுக்கருவிப் பட்டறை நடத்துபவர் பதில் தருகிறார்.

கேள்வி: எங்கள் மூன்று ஏக்கர் மானாவாரி நிலம் பல வருஷமாகத் தரிசாகக் கிடந்தது. வாடகை டிராக்டரில் ரோட்டவேட்டர் (சுழல் கலப்பை) ஓட்டியபோது புல்லுக்குள் இருந்த பழைய கருவேலந்தூரில் அடித்து கியர்பாக்ஸ் போய்விட்டது. செலவில் பாதியை நான் தரவேண்டும் என்கிறார் வண்டிக்காரர். இது நியாயமா? மீதி நிலத்தை எப்படிச் சுத்தம் செய்வது?
– அருப்புக்கோட்டை வாசகர்

கொடுத்துவிடுங்கள். மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும், ஆனாலும் அதுதான் நியாயம். எந்த மூலையில் கரிமூட்டத்துக்குக் கருவை வெட்டினார்கள், எங்கே கல்லைப் பொறுக்கிக் குவித்தார்கள் என்பது நிலத்துக்காரருக்குத்தான் தெரியும். மணிக்கு இவ்வளவு வாடகை என்று பேசி வந்த டிரைவர், மேலே தெரிகிற புல்லை மட்டும்தான் பார்ப்பார். பெரும்பாலும் தவணை கட்டுகிற வண்டி. மழை பெய்து ஊரே உழவு ஓட்டுகிற நேரத்தில் கருவியைப் பிரித்துப் போட்டுவிட்டுப் பட்டறை வாசலில் உட்கார்ந்திருப்பவர்களை நான் வருஷா வருஷம் பார்க்கிறேன். அந்த நாட்களின் வருமானம் திரும்பி வராது.

அதே சமயம் முழுச் செலவையும் உங்கள் தலையில் கட்ட முடியாது. பி.டி.ஓ. ஷாஃப்டில், அதாவது டிராக்டரின் சுழற்சியைப் பின்னால் மாட்டிய கருவிக்குக் கொண்டுபோகிற தண்டில், என்ன போல்ட் போட்டிருந்தார் என்று அவரிடம் கேளுங்கள். பி.டி.ஓ. நிமிஷத்துக்கு 540 சுற்று சுற்றும். கியர்பாக்ஸ் அதைக் குறைத்து, பிளேடு மாட்டிய ரோட்டரை ஏறக்குறைய 200 சுற்றில் ஓட்டும். தூரில் மோதினால் ரோட்டர் சட்டென்று நின்றுவிடும், ஆனால் இன்ஜின் நிற்காது. அந்த விசை எங்காவது வெளியேறியாக வேண்டும். அதற்காகத்தான் ஷியர் போல்ட் என்று எளிதில் ஒடியக்கூடிய ஒரு போல்ட்டை வைத்திருக்கிறார்கள். அது ஒடிந்தால் நஷ்டம் சில ரூபாய்தான். சில வண்டிகளில் அதற்குப் பதிலாக வழுக்கிக்கொடுக்கிற கிளட்ச் இருக்கும். கரட்டு நிலத்தில் போல்ட் அடிக்கடி ஒடிகிறதே என்று எரிச்சல்பட்டு, அந்த இடத்தில் ஹைடென்சைல் என்கிற உறுதியான போல்ட்டை முறுக்கிவிடுகிறார்கள். பிறகு போல்ட் ஒடியாது. முதலில் ஷாஃப்ட் மூட்டில் இருக்கிற கிராஸ் போகும், அடுத்து கியர்பாக்ஸுக்குள் இருக்கிற கிரவுன் பினியன் பற்சக்கரம் போகும்.

ஒடிந்த பினியனைக் கையில் வாங்கிப் பாருங்கள். நாள்பட்டுத் தேய்ந்த பல் வழவழப்பாக, மெலிந்து இருக்கும். ஒரே அடியில் போன பல் அடியோடு பெயர்ந்து, உடைந்த இடம் சாம்பல் நிறத்தில் சொரசொரவென்று மணல்மணலாகத் தெரியும். ஏற்கெனவே தேய்ந்திருந்த பல் என்றால் பாதிகூட உங்கள் பங்கு இல்லை. அதையும் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்.

மீதி நிலத்துக்கு வருவோம். சீமைக்கருவையைத் தரைக்கு மேலே வெட்டினால் அது சாகாது. தூரிலிருந்து பக்கவாட்டில் துளிர்க்கும், புல் சேர்ந்துகொள்ளும், இரண்டு வருஷத்தில் தூர் கண்ணுக்குத் தெரியாது. சாய்வாக வெட்டிய கட்டை இன்னும் மோசம், பின் டயரின் பக்கவாட்டையே குத்திக் கிழித்துவிடும். அதனால் எடுத்த எடுப்பில் ரோட்டவேட்டரை இறக்காதீர்கள். உங்கள் பக்கம் கிடை போடுகிறவர்கள் இருப்பார்கள், முதலில் ஆட்டை விடுங்கள். ஆடு புல்லைக் கரம்பிவிட்டால் தூர், கல், கரையான் புற்று எல்லாம் வெளியே தெரியும். நிலத்துக்கு எருவும் ஆச்சு. கிடைக்காரரும் நிலத்தை அடி அடியாக நடந்திருப்பார், எங்கே என்ன இருக்கிறது என்று அவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு ஆளுக்கொரு கம்போடு வரிசையாக நடந்து, தட்டுப்படுகிற இடத்தில் எல்லாம் குச்சி நட்டு, பழைய சேலைக் கிழிசலைக் கட்டிவிடுங்கள். தூர்களை மழை பெய்து மண் இளகியிருக்கும்போது ஜேசிபி வைத்துத் தரைக்குக் கீழே ஓர் அடிக்குக் குறையாமல் வேரோடு பெயர்த்து எடுங்கள். அதற்கப்புறம் கொக்கிக் கலப்பை, கடைசியில்தான் ரோட்டவேட்டர். கொக்கிக் கலப்பையிலும் ஸ்பிரிங் வைத்ததாகக் கேட்டு வாங்குங்கள். கல்லில் பட்டால் கொழு பின்னால் மடங்கிக்கொடுக்கும்.

கேள்வி: சென்னையில் வேலை பார்க்கிறோம். உடுமலைப்பேட்டை பக்கம் நிலம் வாங்கியிருக்கிறோம், ஆள் உயரத்துக்குப் புல். டிராக்டர் ஸ்லாஷர் (பின்னால் மாட்டும் புல்வெட்டி) விட்டு வெட்டலாம் என்கிறார் ஒருவர். நிலத்தில் முன்பு ஒரு கிணறு இருந்ததாகச் சொல்கிறார்கள், எங்கே என்று யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. ஏதாவது ஆபத்து உண்டா, அய்யா?
– வாசகி, சென்னை

கிணறு எங்கே என்று கண்டுபிடிக்கும்வரை எந்த வண்டியையும் உள்ளே விடாதீர்கள், அம்மா. கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். கைப்பிடிச் சுவர் இல்லாத மொட்டைக் கிணறு தரைமட்டத்தில் வாயைத் திறந்துகொண்டு கிடக்கும். அதன்மேல் பிரண்டையும் கோவைக்கொடியும் படர்ந்துவிட்டால் பத்தடி தள்ளி நின்றாலும் தெரியாது. ஓரத்து மண்ணும் உள்ளே அரித்திருக்கும், டிராக்டர் எடையைத் தாங்காது. கருவி உடைந்தால் என்னைப் போன்றவர்கள் சரிசெய்துவிடலாம், டிரைவர் உயிர் போனால் யாரும் ஒன்றும் செய்ய முடியாது.

தேட வழி இருக்கிறது. பழைய கிரயப் பத்திரங்களைப் படியுங்கள், 'கிணற்றில் பாதி பாத்தியம்' என்பது போன்ற வாசகம் இருக்கும், திசையும் சொல்லியிருக்கலாம். நில அளவைத் துறையின் புலப்படத்தை எடுத்துப் பாருங்கள், எல்லை அளவுகளோடு கிணறு, வாய்க்கால் குறித்திருப்பது உண்டு. பழைய மின் இணைப்பு இருந்த கம்பம், இடிந்த மோட்டார் அறை, கமலை இறைத்த காலத்துக் கல்தூண்கள், மாடு இறங்கி ஏறிய சரிவு ஆகியவற்றைத் தேடுங்கள். இன்னொன்று: சாயங்காலம் வரப்பில் நின்று மாடப்புறா எங்கே இறங்குகிறது என்று பாருங்கள். பாழுங்கிணற்றுச் சுவர்ப் பொந்துகளில் அவை கூடு கட்டும்.

கைவிட்ட ஆழ்துளைக் கிணறு இருக்கிறதா என்றும் விசாரியுங்கள். அதன் குழாய் தரைக்கு மேல் ஒரு சாண் நீட்டிக்கொண்டிருந்தால் ஸ்லாஷர் பிளேடு காலி. மூடாமல் விட்டிருந்தால் என்ன நடக்கும் என்பதை, 2019 அக்டோபரில் மணப்பாறைக்கு அருகே நடுக்காட்டுப்பட்டியில் குழந்தை சுஜித் குழிக்குள் விழுந்து இறந்தபோது தமிழ்நாடே பார்த்து அழுதது. அப்படிப்பட்ட குழியைக் கீழிருந்து மேல்வரை மண் போட்டு நிரப்பவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010லேயே சொல்லியிருக்கிறது. மேலே சாக்கைப் போட்டுக் கல்லை வைப்பது மூடியதாகாது.

இதெல்லாம் முடிந்த பிறகு ஸ்லாஷர் விடலாம். அதன் பிளேடு நுனி மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் வேகத்தில் சுற்றுகிறது. அதில் பட்ட கல்லோ பாட்டில் துண்டோ நூறடி தாண்டியும் பறந்து வரும். பின்பக்கச் சங்கிலித் திரை இல்லாத ஸ்லாஷரைத் திருப்பி அனுப்பிவிடுங்கள். முதல் ஓட்டம் முக்கால் அடி உயரத்தில், மெதுவான கியரில். இரண்டாவது ஓட்டத்தில் இறக்கி வெட்டட்டும். மின்கம்பத்தை இழுத்துக் கட்டியிருக்கிற ஸ்டே கம்பியைச் சுற்றி ஆறடிக்கு உள்ளே வண்டி போகவே கூடாது, அங்கே அரிவாள்தான்.

கேள்வி: மாந்தோப்பில் பிரஷ் கட்டர் வைத்துப் புல் வெட்டுகிறேன். அடிக்கடி கம்பியும் சொட்டுநீர்க் குழாயும் சுற்றிக்கொள்கிறது.
– போச்சம்பள்ளி வாசகர்

சுற்றியதும் இன்ஜினை நிறுத்திவிட்டுப் பிரித்தெடுங்கள், தம்பி. 'இன்னும் ரெண்டு வரிசைதானே' என்று ஓட்டினால் கட்டுக்கம்பி ஆயில் சீல் ரப்பரை அறுத்து உள்ளே போகும், கிரீஸ் வெளியே வரும், பேரிங் போகும். மரத்தடியிலும் 16 மில்லிமீட்டர் குழாய் ஓடுகிற வரிசையிலும் குழாயைத் தூக்கி மரக்கிளையில் மாட்டிவிட்டு நைலான் நரம்பு போட்டு வெட்டுங்கள். இரும்பு பிளேடு நடு இடைவெளிக்கு மட்டும். கண்ணாடி போடாமல் கையில் எடுக்காதீர்கள்.

கேள்வி: புல் வெட்டும்போது ஸ்லாஷர் அடித்து எல்லைக்கல் உடைந்துவிட்டது. பக்கத்து நிலத்துக்காரர் வேண்டுமென்றே செய்ததாகச் சண்டை போடுகிறார். அதே இடத்தில் புதுக்கல் நட்டுவிடலாமா?
– திருமங்கலம் வாசகர்

நீங்களாக நடாதீர்கள். நில அளவைக் கல் 1923ஆம் வருஷத்து நில அளவை, எல்லைகள் சட்டத்துக்கு உட்பட்டது. இன்றைக்கே கிராம நிர்வாக அலுவலரிடம் எழுதிக் கொடுங்கள். உடைந்த கல்லை அசைக்காமல், ஸ்லாஷர் பிளேடில் விழுந்த பொளியோடு சேர்த்துப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இடித்தது வண்டிதான் என்பதற்கு அது போதும். நில அளவைக்கு விண்ணப்பித்துக் கட்டணம் கட்டினால் சர்வேயர் வந்து அளந்து கல் நட ஏற்பாடு செய்வார். அன்றைக்குப் பக்கத்து நிலத்துக்காரரையும் கூடவே நிற்கச் சொல்லுங்கள்.