ஒரே ஈடு, ஒரே நிறம்: பெண் பாம்புக்கு மட்டும் ஏன் கூடுதல் விலை?

கேள்வி: ஒரே ஈட்டில் (ஒரே தடவையில் இட்ட முட்டைகளில்) பொரித்த இரண்டு பால் பைதான் (Ball Python என்ற சிறிய மலைப்பாம்பு) குட்டிகளைப் பார்த்து வைத்திருக்கிறேன். நிறமும் எடையும் ஏறத்தாழ ஒன்றுதான். ஆனால் ஆணுக்குச் சொல்லும் விலையைப் போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு பெண்ணுக்குச் சொல்கிறார் வளர்ப்பாளர். இரண்டையும் சேர்த்து எடுத்தால் குறைத்துத் தருவதாகவும் கூறுகிறார். இப்போதைக்கு வீட்டில் வளர்ப்பதுதான் நோக்கம். பின்னாளில் குட்டி எடுக்கும் எண்ணமும் உண்டு. எதை வாங்குவது?

பதில்: பால் பைதானில் பெண்ணுக்குக் கூடுதல் விலை கேட்பது வளர்ப்பாளர்களிடையே பொதுவான வழக்கம், அதை வைத்து அவரைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தக் கூடுதல் தொகை எதற்கு என்று தெரிந்துகொண்டால், அது உங்களுக்குத் தேவையான செலவா என்பதை நீங்களே தீர்மானித்துவிடலாம். குணத்திலோ, அழகிலோ, ஆயுளிலோ பெண் பால் பைதான் ஆணைவிட உயர்ந்தது என்று சொல்வதற்கு எதுவும் இல்லை. பிற்காலத்தில் அது இடப்போகும் முட்டைகளுக்கும், அந்த முட்டைகள் வரும்வரை ஒருவர் தீனி போட்டுக் காத்திருக்க வேண்டிய ஆண்டுகளுக்கும்தான் அந்த விலை.

பெண் ஏறத்தாழ 1,500 கிராம் எடையை எட்டிய பிறகே இணை சேர்ப்பது என்பதைப் பொறுப்புள்ள வளர்ப்பாளர்கள் பொதுவாகக் கடைப்பிடிக்கிறார்கள். அதற்குப் பெரும்பாலும் 3 ஆண்டுகள் ஆகும். சரியாக இரை எடுக்காத பாம்பானால் 4 ஆண்டுகளும் ஆகலாம். ஆணோ 600, 700 கிராம் எடையிலேயே, ஒன்று அல்லது ஒன்றரை வயதில் இணை சேரத் தொடங்கிவிடும். பெண் ஆண்டுக்கு ஒரு ஈடுதான் இடும். அதிலும் பெரும்பாலும் 4 முதல் 8 முட்டைகளே இருக்கும். முட்டையிட்டு மெலிந்த உடல் தேறாவிட்டால் அடுத்த ஆண்டு இடாமலே போவதும் உண்டு. ஆனால் ஓர் ஆணை ஒரே பருவத்தில் நான்கைந்து பெண்களுடன் சேர்க்க முடியும். ஓர் ஆணும் ஐந்து பெண்களும் வைத்திருப்பவருக்கு ஆண்டுக்குச் சுமார் 30 முட்டைகள் கிடைக்கும் என்றால், ஐந்து ஆண்களும் ஒரு பெண்ணும் வைத்திருப்பவருக்கு 6 முட்டைகளைத் தாண்டுவது அரிது. இதற்கிடையே பொரிக்கும் குட்டிகளில் ஏறத்தாழ பாதி ஆண். ஆகவே இனப்பெருக்கத்துக்குத் தேவைப்படுவதைவிட மிகுதியான ஆண்களும், தேவைக்குக் குறைவான பெண்களும் ஒவ்வொரு பருவத்திலும் விற்பனைக்கு வருகின்றன. உங்களிடம் சொல்லப்பட்ட இரு விலைகளுக்கும் இடையிலான வேறுபாடு இங்கிருந்துதான் பிறக்கிறது.

இந்தக் கணக்கு எல்லா மார்ஃபுக்கும் (மரபணுவால் வரும் நிற, வடிவ வகைக்கும்) ஒரே மாதிரி பொருந்துவதில்லை. புதிதாக வெளிவந்த, மிகச் சிலரிடம் மட்டுமே இருக்கும் ஒரு மார்ஃபில் ஆணின் விலை பெண்ணுக்கு இணையாகவோ, சில வேளைகளில் அதற்கு மேலாகவோ போவதுண்டு. அந்த மரபணுவை வேகமாகப் பரப்ப வல்லது ஆண்தான். அடுத்த ஆண்டே அது பல பெண்களுடன் சேர்ந்து பல ஈடுகளைத் தந்துவிடும், பெண்ணோ மூன்று ஆண்டுகள் கழித்து அரை டஜன் முட்டைகளைத் தரும். மார்ஃப் பரவிப் பலரிடமும் வந்த பிறகு முதலில் விலை சரிவது ஆணுக்குத்தான். 1992-இல் முதன்முதலாகப் பண்ணையில் பொரிக்கப்பட்ட அல்பினோ பால் பைதான் அன்று பெரும் செல்வந்தர்களுக்கே எட்டும் பொருளாக இருந்தது. இன்று அது சாதாரணமாகக் கிடைக்கிறது. அபூர்வம் என்ற பெயரில் விலை சொல்லப்படும் எந்த ஆண் குட்டியையும் இதை மனத்தில் வைத்தே எடைபோட வேண்டும்.

பனானா என்ற மார்ஃபில் பெற்றோரின் பாலினமும் விலைக்குள் வந்துவிடுகிறது. போவா, பைதான் ஆகியவற்றில் பாலூட்டிகளைப் போல பாலினத்தைத் தீர்மானிக்கும் எக்ஸ்-ஒய் குரோமோசோம்கள் இருப்பதை 2017-இல் வெளியான ஆய்வு காட்டியது. அதற்கு முன்புவரை எல்லாப் பாம்புகளிலும் பறவைகளைப் போல இசட்-டபிள்யூ முறைதான் என்று கருதப்பட்டு வந்தது. பனானா மரபணு இந்தப் பாலினக் குரோமோசோம்களில் அமர்ந்திருப்பதால், ஓர் ஆண் அதைத் தன் தந்தையிடமிருந்து பெற்றிருந்தால், அதற்குப் பிறக்கும் பனானா குட்டிகளில் மிகப் பெரும்பாலானவை ஆணாகவே இருக்கும். தாயிடமிருந்து பெற்றிருந்தால் பனானா குட்டிகளில் மிகப் பெரும்பாலானவை பெண்ணாக இருக்கும். முன்னதை மேல் மேக்கர் (male maker, ஆண் குட்டிகளைத் தருவது) என்றும் பின்னதை ஃபீமேல் மேக்கர் (female maker, பெண் குட்டிகளைத் தருவது) என்றும் வளர்ப்பாளர்கள் அழைக்கிறார்கள். பார்வைக்கு வேறுபாடே தெரியாத இரண்டு பனானா ஆண்களுக்கு வெவ்வேறு விலை சொல்லப்படுவதன் காரணம் இதுவே. ஆகவே பனானா ஆண் வாங்குபவர் அதன் பெற்றோரில் எது பனானா என்பதைக் கட்டாயம் கேட்க வேண்டும்.

மற்ற இனங்களில் நிலைமை மாறும். கார்ன் ஸ்நேக்கில் பெண் விரைவில் முதிர்ந்து, ஓர் ஈட்டில் பத்துக்கும் மேற்பட்ட முட்டைகள் இடுவதால் பெண்ணுக்குத் தட்டுப்பாடு குறைவு. விலை வேறுபாடும் சிறியது, பல இடங்களில் இல்லவே இல்லை. வெஸ்டர்ன் ஹாக்னோஸில் பெண் ஆணைவிடக் கணிசமாகப் பெரிதாக வளர்வதோடு ஒரே ஆண்டில் இரண்டு ஈடுகள்கூட இடும் என்பதால் பெண்ணின் விலை தெளிவாகவே உயர்ந்து நிற்கும். ரெட்டிகுலேட்டட் பைதான் போன்ற மிகப் பெரிய இனங்களில், குட்டி எடுக்கும் எண்ணமில்லாத வாங்குபவர்கள் ஆணையே தேடுகிறார்கள். 5 மீட்டரைத் தாண்டக்கூடிய பெண்ணை வீட்டில் வைத்துப் பராமரிப்பது எளிதன்று.

பெண் என்பதற்காகக் கூடுதல் பணம் கொடுக்கும் முன்பு அது உண்மையில் பெண்தானா என்பதை உறுதிசெய்ய வேண்டும். இதைப் பலரும் போதிய அளவு பொருட்படுத்துவதில்லை என்பது என் வருத்தம். பொரித்த சில நாட்களில் செய்யப்படும் பாப்பிங் முறையில், வாலின் அடிப்பகுதியை எச்சத்துளை நோக்கிப் பெருவிரலால் மெல்ல உருட்டி அழுத்துவார்கள். ஆணானால் உள்ளே மடிந்திருக்கும் இரண்டு சிறிய உறுப்புகள், ரத்தக் குழாய் சிவப்பாகத் தெரியும்படி, துளையின் இருபுறமும் வெளியே பிதுங்கும். பெண்ணில் அவை இரா. குட்டி தசையை இறுக்கிக்கொண்டாலோ, அழுத்துபவருக்குப் பழக்கம் போதாவிட்டாலோ ஆணின் உறுப்பும் வெளிவராது. அந்தக் குட்டி பெண் என்று குறிக்கப்பட்டுவிடும். வளர்ந்த பாம்பில் மெல்லிய கம்பியைச் செலுத்தி ஆழம் பார்க்கும் ப்ரோபிங் முறையிலும் இதே சிக்கல் உண்டு. பால் பைதான் பெண்ணில் கம்பி 2 முதல் 4 வால் செதில்களின் அளவுக்கே செல்லும், ஆணில் அதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் செல்லும். ஆனால் ஆண் தசையை இறுக்கினால் கம்பி பாதியிலேயே நின்றுவிடும். அதாவது, இந்த முறைகளில் நேரும் பிழை பெரும்பாலும் ஆணைப் பெண்ணென்று காட்டும் பக்கமே சாய்கிறது. நஷ்டம் கூடுதல் விலை கொடுத்தவருக்கே. எச்சத்துளையின் ஓரத்தில் தெரியும் நகம் போன்ற முட்களின் நீளத்தை வைத்துப் பாலினம் சொல்வதை நம்பவே வேண்டாம். உரித்த சட்டையிலிருந்து மரபணுச் சோதனை செய்யும் வசதி இப்போது பால் பைதானுக்கு உண்டு. பாம்பைத் தொடாமலே செய்யலாம் என்பதால் விலை உயர்ந்த குட்டிக்கு அதையே நான் பரிந்துரைப்பேன். நீங்களாக வீட்டில் ப்ரோபிங் செய்து பார்க்காதீர்கள். பழகாத கையில் பாம்பின் உட்பகுதி கிழிந்துவிடும்.

இனி உங்கள் தேர்வுக்கு வருகிறேன். "பின்னாளில் குட்டி எடுக்கும் எண்ணம்" என்பது இன்னும் எண்ணமாகவே இருக்குமானால் ஆணை வாங்குங்கள். அது பெண்ணைவிடச் சற்றுச் சிறியதாக நிற்கும், பெட்டியும் இரையும் குறைவாகவே தேவைப்படும். இணை சேரும் பருவத்தில் ஆண்கள் சில வாரங்கள், சில மாதங்கள்கூட இரையை மறுப்பதுண்டு. எடை பெரிதாகக் குறையாதவரை அஞ்ச வேண்டாம். மாறாக, அடைகாப்புப் பெட்டி, ஆண்டுக்கு ஆறு குட்டிகளுக்கான தனித்தனிப் பெட்டிகள், அவற்றை வாங்கிக்கொள்ள ஆட்கள் என்று எல்லாவற்றையும் யோசித்து வைத்திருக்கிறீர்கள் என்றால், பெண்ணுக்குக் கொடுக்கும் கூடுதல் தொகை நியாயமானதே. இன்று வாங்கும் குட்டி மூன்று ஆண்டுகளில் உங்கள் கையிலேயே முதிரும். முட்டையிட்டுப் பழகிய பெரிய பெண் மலிவாகக் கிடைத்தால், ஏன் விற்கிறார்கள் என்பதற்குத் தெளிவான விடையும், முந்தைய ஈடுகளின் பதிவும், மாதவாரி எடைக் குறிப்பும் இல்லாமல் வாங்க வேண்டாம்.

இரண்டையும் சேர்த்து வாங்கும் சலுகையை ஏற்க வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. அவை உடன்பிறந்தவை, அவற்றை இணை சேர்ப்பதில் பொருளில்லை. ஒரே பெட்டியில் வைத்தால் ஒன்று மற்றொன்றை அழுத்தும், இரையெடுப்பு குறையும். ஆண் முன்னதாகவே முதிர்ந்துவிடுவதால், உடல் தயாராகாத பெண் முட்டை சுமக்கும் அபாயமும் உண்டு. எதை வாங்கினாலும் ரசீதில் பாலினம், அதைக் கண்டறிந்த முறை, பார்த்த தேதி ஆகியவற்றோடு, பின்னர் சோதனையில் பெண் ஆணென்று தெரிந்தால் விலை வேறுபாட்டைத் திருப்பித் தருவதாக ஒரு வரியையும் எழுதி வாங்குங்கள். அந்த வரியை எழுதத் தயங்குபவரிடம் ஆணின் விலைக்கு மேல் கொடுக்க வேண்டாம்.