இணைப்பு மாறியதும் ஜிமெயிலுக்கு மட்டும் அஞ்சல் போகவில்லையா?

வணக்கம். புதிய இணைய இணைப்புக்கு மாறிய நாள்முதல் அலுவலகத்துக்கு அஞ்சல் ஒழுங்காக வருகிறது, ஆனால் ஜிமெயில் வாடிக்கையாளர்களுக்கு அனுப்புவதெல்லாம் 550 5.7.25 என்று திரும்பிவிடுகிறது என எழுதியிருக்கிறீர்கள். விடை அந்த எண்ணிலேயே இருக்கிறது. தயவுசெய்து அஞ்சல் சர்வரை மறுபடி நிறுவாதீர்கள். கோளாறு அங்கே இல்லை.

அந்த எண்ணின் பொருள் இதுதான்: உங்கள் புதிய ஐபி முகவரிக்குப் பிடிஆர் பதிவு (ஐபியைக் கொடுத்தால் அதற்குரிய சர்வரின் பெயரைக் காட்டும் பதிவு) இல்லை, அல்லது அது காட்டும் பெயர் அதே ஐபிக்குத் திரும்பவில்லை. பலரும் இடறுவது இங்கேதான்: டொமைன் வாங்கிய இடத்தில் இதைத் தேடிக்கொண்டே இருப்பார்கள். ஐபியைக் கொடுத்தவர்தான் பிடிஆரைப் பதிய முடியும். ஆகவே இணைப்பு நிறுவனத்துக்கு மின்னஞ்சலில் எழுதுங்கள். ஐபியையும் சர்வரின் முழுப் பெயரையும் எழுத்துப் பிசகாமல் கொடுங்கள். தொலைபேசியில் முதலில் எடுப்பவருக்கு இது புரியாமல் போகலாம். எங்கள் அலுவலகத்தில் மூன்று நாள் அப்படித்தான் வீணானது. நிலையான ஐபிதானா என்பதையும் கேட்டுவிடுங்கள். மாறும் ஐபியில் அஞ்சல் சர்வர் நடத்துவது வீண்பாடு.

எஸ்பிஎஃப் பதிவில் (உங்கள் டொமைன் பெயரில் அஞ்சல் அனுப்ப யாருக்கு அனுமதி என்று சொல்லும் பதிவு) பழைய ஐபியை நீக்கிவிட்டுப் புதியதைச் சேருங்கள். பழையது நாளை வேறொருவர் கைக்குப் போகும். உங்கள் பெயரில் அனுப்ப அவருக்கு நீங்களே அனுமதி தந்ததாகிவிடும்.

பிடிஆர் கிடைக்கும்வரை விலைப்பட்டியல், ரசீது போன்ற அவசர அஞ்சல்களை ஒரு ரிலே சேவை (உங்கள் அஞ்சலை வாங்கித் தன் சர்வரிலிருந்து அனுப்பும் சேவை) வழியாக அனுப்புங்கள். அந்தச் சேவையையும் எஸ்பிஎஃப்பில் குறிப்பிட்டாக வேண்டும். பிறகும் திரும்பி வந்தால், வரும் செய்தியை முழுதாக இங்கே ஒட்டுங்கள், பார்க்கிறேன்.