பின்னால் வரும் காருக்கு உங்களைத் தெரிகிறதா?

கே: பைக்கில் போய் சிக்னலில் கடைசி ஆளாக நின்றால், பின்னால் கார் வந்து இடித்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

ப: நியாயமான பயம்தான். நின்றதுமே நியூட்ரலுக்கு மாற்றிவிட்டு போனை எடுப்பவர்கள் நிறையப் பேர். பின்னால் ஒரு வண்டி முழுதாக வந்து நிற்கும்வரை முதல் கியரிலேயே, கிளச்சைப் பிடித்தபடி இருங்கள். முன்னால் நிற்கும் காரை ஒட்டியோ, அதன் நடுமுதுகுக்கு நேராகவோ நிற்காமல் ஓரமாக ஒதுங்கி நில்லுங்கள். நழுவிப் போக ஒரு சந்து வேண்டுமே! அடிக்கடி கண்ணாடியைப் பாருங்கள். வருகிற காரின் வேகம் குறையவில்லையா? பிரேக்கை இரண்டு மூன்று முறை விட்டுவிட்டுப் பிடியுங்கள், சிவப்பு விளக்கு மினுக்கும். அதற்கும் அசையாவிட்டால் அந்தச் சந்துக்குள் போய்விடுங்கள். ஒரு கார் வந்து நின்றபின் அதுவே உங்களுக்கு அரண். அப்புறம் நியூட்ரல் போடலாம்.

கே: நான் கியரைக் குறைத்தே வேகத்தைக் குறைப்பேன். தவறா?

ப: தவறில்லை. ஆனால் பெரும்பாலான பைக்குகளில் அப்போது பிரேக் விளக்கு எரியாது. நீங்கள் வேகம் குறைப்பது பின்னால் வருபவருக்கு எப்படித் தெரியும்? கூடவே பிரேக்கையும் லேசாகத் தொடுங்கள். இன்னொன்று: கை பிரேக்குக்கும் கால் பிரேக்குக்கும் தனித்தனி ஸ்விட்ச். இருட்டியதும் வண்டியின் பின்பக்கம் சுவரைப் பார்க்கும்படி நிறுத்தி, ஒவ்வொன்றாக அழுத்திப் பாருங்கள். என் வண்டியில் கால் பிரேக்குக்குச் சுவர் சிவந்தது, கை பிரேக்குக்குச் சிவக்கவில்லை. எத்தனை நாளாக அப்படி ஓட்டினேனோ!

கே: கார் ஓட்டுகிறேன். பைக்குக்குப் பின்னால் எவ்வளவு தூரம் விடுவது?

ப: பைக் ஒரு கம்பத்தைத் தாண்டியதும் ‘ஆயிரத்து ஒன்று, ஆயிரத்து இரண்டு’ என்று எண்ணுங்கள். அதற்குமுன் நீங்கள் கம்பத்தை எட்டக்கூடாது. அது 2 விநாடி. 60 கிலோமீட்டர் வேகத்தில் ஏறக்குறைய 33 மீட்டர். மழையில் இரு மடங்கு. பைக் என்றால் வெயிலிலும் நான் 3 விநாடி விடுவேன். கார் வழுக்கினால் காராகவே நிற்கும்; பைக் வழுக்கினால் சாலையில் ஒரு மனிதர் கிடப்பார்.

கே: இரவில் முன்னால் போகும் பைக் திடீரென்று பக்கத்தில் வந்துவிட்டதுபோல் இருக்கிறது. கண்ணில் கோளாறா?

ப: கண்ணைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள், நல்லதுதான். ஆனால் இது எல்லோருக்கும் நேர்வது. நெருங்க நெருங்க காரின் இரண்டு பின்விளக்குகளும் விலகுவதுபோல் தெரியும். அதை வைத்தே தூரத்தைக் கணிக்கிறோம். பைக்குக்குப் பெரும்பாலும் ஒற்றை விளக்கு. ஒற்றைச் சிவப்பைக் கண்டதுமே ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுங்கள்.

கே: என் காரில் தானியங்கி பிரேக் இருக்கிறதே, போதாதா?

ப: போதாது. காரைக் கண்டுகொள்கிற அளவுக்கு ஒல்லியான பைக்கை எல்லா அமைப்புகளும் கண்டுகொள்வதில்லை.